பாட்டியின் இருமலும் 64 குறிகளும்

பினாங்கில் முதுகலை படிக்கும் ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தார். பழைய தோட்டத் தொழிலாளர்களின் பேச்சுத் தமிழ்தான் அவருடைய ஆய்வு. நிபோங் திபால் பக்கம் வீடு வீடாக உட்கார்ந்து 40 மணி நேரம் பதிவு செய்து வைத்திருக்கிறார். பல்கலைக்கழக நூலகத்தில் ‘ஆய்வுத் தரவு மேலாண்மை’ என்று ஒரு பட்டறை நடந்ததாம். போய்விட்டு வந்து கேட்கிறார்: “புத்தகம் இரவல் கொடுக்கிற இடத்துக்கு என் ஒலிக்கோப்பு எதுக்கு அண்ணே? கூகுள் டிரைவில் இருக்கு, தம்ப் டிரைவிலும் இருக்கு. போதாதா?”

போதாது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, 2 முதல் 22 ஆண்டு பழைய 516 உயிரியல் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களிடம் மூலத் தரவைக் கேட்டது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, தரவு இன்னும் கைவசம் இருப்பதற்கும் இல்லாததற்குமான விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. திருடு, தீ விபத்து என்று பெரிய காரணம் வேண்டியதே இல்லை. மின்னஞ்சல் முகவரி மாறிவிட்டது, தரவு இருக்கும் வட்டைப் போட்டுப் பார்க்க இன்று கருவி இல்லை, அவ்வளவுதான்.

இப்படித் தொலையாமல் காக்கத்தான் நூலகம் வருகிறது. அது செய்யும் மற்ற வேலைகளை ஓரளவு எல்லோரும் அறிவோம். ஆய்வு தொடங்கும்போதே எதை எங்கே வைப்பது என்று திட்டம் எழுதவைப்பார்கள். பேசியவரின் ஒப்புதல் தாளைச் சரிபார்ப்பார்கள். தரவுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் வாங்கித் தருவார்கள். இங்கே 2019-இல், ஆய்வுத் தரவைச் சேமித்துப் பகிர்வதற்கான மலேசியத் திறந்த அறிவியல் தளத் திட்டம் தொடங்கியபோது மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கின் அறிவியல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஐந்து ஆய்வுப் பல்கலைக்கழகங்களும் இந்தப் பேச்சுக்குள் வந்தன. சரி, இதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறொன்று: ஒரு கோப்பு மாறிவிட்டது என்று நூலகத்துக்கு எப்படித் தெரியும்?

தம்பியின் ஒரு மணி நேரப் பதிவு, சுருக்காத வடிவத்தில், ஏறக்குறைய 317 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட், அதாவது 254 கோடி பிட்டுகள், எல்லாம் 0 அல்லது 1. தம்ப் டிரைவை மின்சாரம் காட்டாமல் அலமாரியில் பல ஆண்டு போட்டுவைத்தால் உள்ளே பிடித்துவைத்த மின்னேற்றம் மெல்லக் கசியும். ஒரு 0 எப்போதாவது 1 ஆகிவிடும். எந்தச் சத்தமும் வராது. 254 கோடியில் ஒன்று மாறியதைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?

கூட்டிப் பார்க்கலாம். கோப்பில் 3, 5, 2 என்ற எண்கள் இருந்தால் கூட்டுத்தொகை 10. நாளை மறுபடி கூட்டி 10 வந்தால் மாறவில்லை. ஆனால் 5, 3, 2 என்று இடம் மாறினாலும் 10 தான், ஏமாந்துபோவோம். அதனால் ஒவ்வொரு எண்ணையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டுவோம். முதலாவது 3+10+6, அதாவது 19. இடம் மாறியது 5+6+6, அதாவது 17. பிடித்துவிட்டோம்! புத்தகத்தின் பின்னட்டையில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்ணின் கடைசி இலக்கமும் இதே குடும்பத்து உத்திதான்.

நூலகங்கள் பலவும் பயன்படுத்தும் ஷா-256 என்ற கணக்கு முறை இதன் கொள்ளுப்பேரன். கோப்பை 512 பிட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று கலக்கும். சுழற்றும், கூட்டும், வெட்டி ஒட்டும். ஒரு துண்டில் கிடைத்த விடையை அடுத்த துண்டோடு சேர்த்துப் பிசையும். பரோட்டா மாவை அடித்து மடித்து அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவில் ஓரிடத்தில் வைத்த மஞ்சள் துளி கடைசியில் எங்கும் பரவியிருக்கும். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் வெளியே வருவது எண்ணும் எழுத்துமாக 64 குறிகள். உள்ளே ஒரே ஒரு பிட் மாறினால் விடையின் 256 பிட்டுகளில் சராசரியாகப் பாதி புரண்டுவிடும். ‘கொஞ்சம் மாறியது’ என்ற பேச்சே இல்லை.

தமிழில் இதைச் சோதிக்க ஒரு வேடிக்கை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாக. முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. கண் ஏமாறும், ஷா-256 ஏமாறாது.

ஆனால் பிட்டுகளைக் காப்பாற்றினால் மட்டும் போதுமா? என்னிடம் 1990களின் இறுதியில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கின்றன. ஒரு பிட்கூடக் கெடவில்லை. திறந்தால் பிரெஞ்சுக்காரர் தும்மியது போல ஏதோ தெரிகிறது. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு தமிழில் பரவுவதற்கு முந்தைய காலம். டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியீட்டு முறை. எந்த எழுத்துருவில் அடித்தேன் என்று நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. நூலகர் கேட்கும் அந்த அலுப்பூட்டும் விவரத்தாள் இதற்குத்தான்: எந்தக் கருவி, எந்த வடிவம், யார் பேசியது, எந்த ஊர்.

இதில் எனக்கொரு குறை உண்டு. ஆய்வு மானியத்தில் பதிவுக் கருவி வாங்கப் பணம் கிடைக்கும், மாநாட்டுக்குப் போகக் கிடைக்கும். திட்டம் முடிந்த பத்தாவது ஆண்டில் உட்கார்ந்து அந்த 64 குறிகளை ஒப்பிடும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை. சர்வர் வாங்கித் திறப்பு விழா நடத்தினால் சேவை தொடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். ஆயுத பூசையன்று ஹார்ட் டிஸ்க்குக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று பிரதி எடுத்துவிட்டு வையுங்கள்.

ஏன் மூன்று? இரண்டு பிரதியில் ஒன்று மாறினால், எது அசல் என்று சொல்ல ஆளில்லை. முதல் நாளே 64 குறிகளை எழுதிவைத்திருந்தால்தான் பிழைத்தோம். உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏடு தேடியதும் ஒரே ஏட்டை நம்ப முடியாததாலும்தான்.

தம்பியிடம் இருந்த மூன்று பிரதிகளையும் அன்றிரவே சோதிக்கச் சொன்னேன். கூகுள் டிரைவும் மடிக்கணினியும் ஒத்துப்போயின. தம்ப் டிரைவில் இருந்த ஒரு கோப்பு மட்டும் வேறு. “கெட்டுப்போச்சு அண்ணே, அழிச்சிடவா?” என்றார். முதலில் கேட்டுப் பார் என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து அழைத்தார். பிட் எதுவும் கெடவில்லை. 41-ஆவது நிமிடத்தில் பாட்டி இருமியதை, கேட்க நன்றாக இருக்கட்டும் என்று போன ஆண்டு அவரே வெட்டி எடுத்திருக்கிறார். அதோடு, இருமலுக்கு நடுவே பாட்டி சொன்ன ஒரு சொல்லும் போயிருக்கிறது.