கிருஷ்ணகிரியில் வடக்கு ஜன்னலுக்குள் வெயில் வருவது ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் ஓவிய ஆசிரியர் எழுதியிருக்கிறார். மாடியில் ஓர் அறை கட்டி, நாலைந்து பிள்ளைகளுக்குக் கரியிலும் தைல வண்ணத்திலும் பாடம் எடுக்கிறார். ஓவியனுக்கு வடக்கு வெளிச்சமே உகந்தது, அந்தப் பக்கம் வெயில் நேராக விழாது என்று படித்துவிட்டு, வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல் வைத்தார். பொங்கலுக்குத் தொடங்கிய வகுப்பு பங்குனி வரை நன்றாகவே நடந்தது. மாங்காய் இறங்கத் தொடங்கியதும் சிக்கல் வந்துவிட்டது. பிள்ளைகள் பார்த்து வரையும் பிளாஸ்டர் தலைச் சிலைமேல் காலையில் வெயில் விழுகிறது. மூக்கின் நிழலைப் பிள்ளைகள் வரைந்து முடிப்பதற்குள் அது கன்னத்தில் வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. "திசையைத் தவறாகப் பார்த்துக் கட்டிவிட்டேனா?" என்று கேட்கிறார்.

இல்லை ஐயா, ஜன்னல் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் படித்த விதிதான் வேறோர் அட்சரேகைக்காரர்களுடையது.

ஆசிரியர் பின்பற்றும் முறை ஓவியர் ரிச்சர்ட் லாக் வழி வந்தது. 1928-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸில் பிறந்தவர் லாக். பாஸ்டனில் ஐவ்ஸ் கேமல் என்ற ஓவியரிடம் பயின்று, ஊர் திரும்பி 1969-இல் சொந்தமாக ஓவியப் பட்டறை தொடங்கினார். பழைய மேதைகளின் வழியில், கண்ணால் கண்டதை உள்ளபடி வரையும் இந்தப் பாணிக்கு 'கிளாசிக்கல் ரியலிசம்' என்ற பெயர் நிலைத்ததற்கு அவரே காரணம். 2009-இல் மறைந்தார். அவரிடம் கற்றவர்கள் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் வரை சென்று பள்ளி நடத்தியிருக்கிறார்கள். இந்த மரபில் ஒரு பிளாஸ்டர் தலையை வாரக்கணக்கில் வரைவார்கள். பொருளுக்குப் பக்கத்திலேயே தாளை நிறுத்தி, சில அடி பின்னால் வந்து, இரண்டும் ஒரே அளவாகத் தெரியும் இடத்தில் நின்று ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். இன்று பார்த்த நிழல் நாளையும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். சூரியனோ மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. வடக்கு ஜன்னல் வழியே வரும் வானத்தின் பரந்த வெளிச்சம் அப்படி அலைவதில்லை. நிழலின் ஓரமும் மென்மையாக விழும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு வளையலை மேஜைமேல் கிழக்கு மேற்காக நிமிர்த்திப் பிடியுங்கள். பாதி மேஜைக்கு மேலே, பாதி கீழே என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே தெரியும் பாதிதான் மார்ச் 20-ஐ ஒட்டிச் சூரியன் போகும் பாதை. பூமத்திய ரேகையில் அது செங்குத்தாக நிற்கும். வடக்கே போகப் போகத் தெற்குப் பக்கமாகச் சாயும். எவ்வளவு சாயும் என்றால், ஊரின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. மினியாபோலிஸில் 45 டிகிரி. கிருஷ்ணகிரியில் வெறும் 12.5 டிகிரி.

அடுத்து, சாய்வை மாற்றாமல் வளையலை வடக்கே நகர்த்துங்கள். ஜூன் 21-க்குள் அது 23.4 டிகிரி நகர்ந்துவிடும். மினியாபோலிஸில் அவ்வளவு நகர்ந்தும் நண்பகல் சூரியன் உச்சிக்கு 21.5 டிகிரி தெற்கேதான் நிற்கிறது. கோடையில் காலையும் மாலையும் தாழ்ந்த வெயில் வடக்குச் சுவரைத் தொடும், அவ்வளவுதான். நம் ஊரில் சாய்வைவிட நகர்வு அதிகம். அதனால் வளையல் முழுவதும் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. ஏப்ரல் 24-ஐ ஒட்டி, நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நிழலில்லா நாள் வருகிறது. தருமபுரியில் அதற்கு ஓரிரு நாள் முன்னதாக. அன்றிலிருந்து ஆகஸ்ட் 19 வரை, உதயம் முதல் அஸ்தமனம் வரை, சூரியன் வானத்தின் வடக்குப் பாதியை விட்டு இறங்குவதே இல்லை! நம் மாம்பழக் காலம் ஏறக்குறைய முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

வடக்கு குபேரன் திசை, ஜன்னலில் கை வைக்காதீர்கள் என்று வாஸ்து பார்ப்பவர் ஒருவர் சொன்னதாகவும் கடிதத்தில் இருக்கிறது. படித்தவர்களும் இதற்குப் பணம் கொடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டால் சூரியன் எங்கே நிற்கிறது என்று நிழல் சொல்லிவிடும். ஒவ்வொரு அரசுப் பள்ளி மைதானத்திலும் அப்படி ஒரு குச்சி நிற்க வேண்டும். பிள்ளைகள் ஆண்டு முழுவதும் நிழலின் நுனியைக் குறித்துவர வேண்டும். அதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

ஆசிரியருக்கு ஒரு கணக்கு. ஜூன் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 11 டிகிரிதான் வடக்கே இருக்கும். ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேட் இருந்தால் அந்த வெயில் உள்ளே வராது. தொல்லை தருவது காலையும் மாலையும்தான். ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து 7 அடி உயரத்தில் இருந்து, தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், காலை எட்டேகால் மணி வெயில் சுவரிலிருந்து ஏறத்தாழ 4 அடி உள்ளே வந்து விழும். அது பக்கவாட்டிலிருந்து சாய்ந்து வருவதால் மேலே இருக்கும் சன்ஷேட் மட்டும் போதாது. ஜன்னலின் கிழக்கு, மேற்கு ஓரங்களில் வெளிப்புறமாக 2 அடி நீட்டி, ஜன்னல் உயரத்துக்கு இரண்டு தடுப்புச் சுவர் எழுப்புங்கள். அதே எட்டேகால் மணிக்குக் கிழக்குத் தடுப்பின் நிழல் ஜன்னலில் 5 அடி அகலத்துக்கு மேல் மறைத்துவிடும். மாலையில் அந்த வேலையை மேற்குத் தடுப்பு செய்யும்.

ஆகஸ்ட் 19-க்குப் பிறகு நண்பகல் சூரியன் தெற்கே போய்விடும். ஆனாலும் செப்டம்பர் 23 வரை அது கிழக்குக்குச் சற்று வடக்கே தள்ளித்தான் உதிக்கும். அதுவரை அதிகாலை வெயில் வடக்குச் சுவரில் படும். பிளாஸ்டர் தலையை ஜன்னலிலிருந்து தள்ளியே வைத்திருங்கள்.