நின்றே வேலை பார்த்தால் கால் ஏன் வீங்குகிறது?

சரக்கெடுக்க நாள் முழுக்க நடக்கும் ஊழியருக்குக் கால் வீங்குவதில்லை. கல்லாவில் நிற்கும் தனக்கு மட்டும் மாலையில் வீங்குவது ஏன் என்று சிறுதொழில் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்கிறார்.

தமனி வழியே போகும் ரத்தம் சிரை வழியே திரும்புகிறது என்பது பள்ளிப்பாடம். நிற்கும்போது இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே சுமார் 120 செ.மீ. உயர ரத்தத் தூண். அதன் எடையால் கணுக்கால் சிரையில் ஏறக்குறைய 90 மி.மீ. பாதரச அழுத்தம். நுண்குழாய்களிலிருந்து நீர் திசுவுக்குள் கசிய இது போதும்.

ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைச் சதை. அதற்குள் அகலமான சிரைகள் இருக்கின்றன. குதிகால் உயரும்போது சதை இறுகி அவற்றைப் பிழிகிறது. தளரும்போது ரத்தம் கீழிறங்காமல் வால்வுகளின் இரண்டு இதழ்கள் மூடிக்கொள்கின்றன. காலியான ஆழ்சிரை, தோலடிச் சிரைகளின் ரத்தத்தை உள்ளே இழுக்கிறது. நெடுந்தூணை வால்வுகள் இப்படித் துண்டு துண்டாக்கிவிடுவதால், பத்துப் பன்னிரண்டு காலடி எடுத்து வைத்ததும் அழுத்தம் 30 அளவுக்கு இறங்கிவிடும். எத்தனை நேர்த்தியான ஏற்பாடு! 1603-இல் இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபாப்ரீசியஸ் இந்த வால்வுகளை விவரித்தார். ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-இல் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி நிறுவியபோது, கையில் கட்டுப்போட்டு விரலால் அழுத்திக் காட்டிய சாட்சி இவைதான்.

நடை நின்றால் சிரை மீண்டும் நிரம்ப அரை நிமிடம் போதும். அழுத்தம் பழையபடி 90. அதனால்தான் மாலை நடை பகல் நிற்பை ஈடுகட்டாது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் சிலருக்குச் சிரை விரிந்து, இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போகும். அதுதான் வெரிகோஸ்.

ஒவ்வொரு வாடிக்கையாளர் போனதும் 10 முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். தரையில் முழுதாக ஊன்றிச் சதையைத் தளரவிட்டால்தான் சிரை அடுத்த பிழிவுக்கு நிரம்பும். உயர ஸ்டூலில் கால் தொங்கினால் விளிம்பு தொடையை அழுத்தும். பாதத்துக்குப் பலகை வேண்டும். அழுத்தக் காலுறையை வீக்கம் வருமுன், காலையிலேயே மாட்டுங்கள். மேல்விளிம்பைச் சுருட்டிவிட்டால் அதுவே காலை இறுக்கும் கட்டாகிவிடும். கால் தமனியில் அடைப்புள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது.

ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தை முதலாளிகள் விட வேண்டும். இருக்கை கொடுங்கள், எழுந்து நடக்கவும் விடுங்கள்.

ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் நீவிவிடாதீர்கள். ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள்.