நடந்ததைச் சொல்ல ‘வுட் ராதர் ஹேவ்’ வேண்டாம், பிள்ளைகளே

திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு வேலை கேட்டுப் போகும் பிள்ளைகளை நேர்முகத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தும்போதெல்லாம் இதே பிழைதான். உயர்தரத்தில் ஏன் வர்த்தகப் பிரிவை எடுத்தீர்கள் என்று கேட்டால், “ஐ வுட் ராதர் ஹேவ் ஸ்டடீட் காமர்ஸ்” என்று பதில் வருகிறது. பிள்ளை சொல்ல நினைப்பது, “விரும்பித்தான் வர்த்தகம் படித்தேன்.” கேட்பவருக்கு விளங்குவது, “வர்த்தகம் படிக்கத்தான் ஆசை, ஆனால் படிக்கவில்லை.” வர்த்தகப் பிரிவுப் பெறுபேற்றை மேசையில் வைத்துவிட்டு இப்படிச் சொன்னால் எதிரே இருப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? வாக்கியத்தின் அமைப்பில் பிழை இல்லை. அதனால் ரியூஷனிலும் இதை யாரும் திருத்துவதில்லை.

‘வுட் ராதர்’ என்றால் விருப்பம், ‘ஹேவ்’ சேர்த்தால் இறந்தகாலம், ஆகவே இரண்டும் சேர்ந்தால் ‘விரும்பினேன்’ என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இது நடக்காமல் போனதைப் பற்றிய பேச்சு. “ஐ வுட் ராதர் ஹேவ் கோன் பை ட்ரெயின்” என்று ஒருவர் சொன்னால் அவர் கொழும்புக்கு ரயிலில் போகவில்லை. பஸ்ஸில் போய் இடுப்பு நொந்து, “ரயிலிலேயே போயிருக்கலாம்” என்று அலுத்துக்கொள்கிறார். “ஷீ வுட் ராதர் ஹேவ் ஸ்டேட் இன் ட்ரிங்கோ” என்றால் அந்தப் பெண் திருகோணமலையில் தங்கவில்லை. உண்மையிலேயே ரயிலில் போனவர் “ஐ சோஸ் டு கோ பை ட்ரெயின்” என்று நேராகச் சொன்னால் போதும். “ஐ ப்ரிஃபேர்ட் டு கோ பை ட்ரெயின்” என்பதும் சரி.

ஆகவே வாயைத் திறக்குமுன் ஒரே கேள்வி: அது நடந்ததா, இல்லையா? நடக்கவில்லை என்றால் மட்டும் ‘வுட் ராதர் ஹேவ்’.

அமைப்பில் விடும் பிழைகள் வேறு. ‘வுட் ராதர் வென்ட்’ கிடையாது. ‘ஹேவ்’ போட்டு வினையின் மூன்றாம் வடிவம் வரவேண்டும்: கோன், டேக்கன், ஈட்டன். ‘ஸ்டேட்’, ‘வேர்க்ட்’ போன்றவற்றில் இரண்டாம், மூன்றாம் வடிவங்கள் ஒன்றே என்பதால் பிழை வெளியே தெரியாது. பயிற்சிக்கு அவற்றை எடுக்காதீர்கள். ‘ஷீ’ வந்தாலும் ‘ஹேவ்’தான், ‘ஹேஸ்’ அல்ல. ‘ராதர்’ பின்னால் ‘டு’ வராது, ‘ப்ரிஃபர்’ என்றால் ‘டு’ வேண்டும்: “ஐ வுட் ஹேவ் ப்ரிஃபேர்ட் டு கோ பை ட்ரெயின்.” எதிர்மறையில் ‘நொட்’ ராதருக்கும் ஹேவுக்கும் நடுவே: “ஐ வுட் ராதர் நொட் ஹேவ் கம் பை பஸ்.” இங்கே நடக்காமல் போனது ‘பஸ்ஸில் வராமல் இருப்பது’; இவர் பஸ்ஸில்தான் வந்தார், வந்ததற்கு வருந்துகிறார். வேகமான பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து ‘ஒவ்’ என்று கேட்கும். அதை நம்பி ‘வுட் ராதர் ஒஃப்’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஆள் மாறினால் அமைப்பும் மாறும். நான் விரும்புவது, செய்திருக்க வேண்டியவர் நீங்கள் என்றால், “ஐட் ராதர் யூ ஹாட் டோல்ட் மி” (‘ஐட்’ என்பது ‘ஐ வுட்’டின் சுருக்கம்), அதாவது “நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம்.” இலக்கணம் சரி, ஆனால் இது குறை சொல்லும் பேச்சு. இரவு தாமதமாக வந்து சேரும் விருந்தினரிடம் ரிசப்ஷனில் நின்று இதைச் சொல்ல வேண்டாம். “நெக்ஸ்ட் டைம் ப்ளீஸ் லெட் அஸ் நோ இஃப் யூ ஆர் ரன்னிங் லேட்” என்றால் மனம் நோகாது.

அதே காதோடு விருந்தினர் பேச்சையும் கேளுங்கள். “வி வுட் ராதர் ஹேவ் ஹாட் எ சீ வியூ ரூம்” என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது பாராட்டு அல்ல. கடல் பக்க அறை கிடைக்கவில்லை என்ற குறை. “தாங்க் யூ சேர்” என்று தலையாட்டிவிட்டு நிற்காமல், அறை ஏதும் காலியாகிறதா என்று பதிவைப் பாருங்கள்.