கண்வலிக்கிழங்கு: கொடி காய்ந்த பிறகுதான் கவனம் தேவை

செங்காந்தள் பூவைக் காட்டினால் பெயர் சொல்லாதவர்கள் குறைவு. மாநில மலர் என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். இலங்கைத் தமிழர்கள் கார்த்திகைப் பூ என்பார்கள். ஆனால் அதே செடியின் கிழங்கான கண்வலிக்கிழங்கை மண்ணைத் தட்டிக் கையில் கொடுத்துப் பாருங்கள், "ஏதோ வள்ளிக்கிழங்கு வகை போல" என்பவர்கள்தான் அதிகம். நான் பொதுமருத்துவர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி என்று கண்வலிக்கிழங்கு பயிராகிற ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கிறவன். இந்தச் செடியைப் பற்றி ஒரு மருத்துவர் எழுதினால் விஷம், வாந்தி, ஐசியூ என்றுதான் தொடங்குவார் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கென்னவோ செடியிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அதன் வாழ்க்கை முறையே சொல்லிவிடுகிறது.

முதல் மழை விழுந்து மண் நனைந்ததும் கிழங்கின் நுனியிலிருந்து முளை மேலே வரும். ஆடி, ஆவணியில் வேலி, புதர், முள்மரம் என்று கிடைத்ததைப் பிடித்து ஏறும். புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை பூ, பிறகு காய். தை, மாசிக்குள் கொடி மஞ்சளடித்து, காய்ந்து, உதிர்ந்து, அங்கே ஒரு செடி இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லாமல் போய்விடும். மண்ணுக்குள் பழைய கிழங்கு சுருங்கி, அந்த வருடத்து மாவுச்சத்தெல்லாம் புதிய கிழங்கில் சேர்ந்திருக்கும். அது அடுத்த மழை வரை உறங்கும். காட்டு வள்ளிக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மழையில் ஏறும், பனி முடிந்து வெயில் ஏறும்போது கொடி காயும், கிழங்கு முற்றுவதும் தோண்டுகிறவர்கள் கடப்பாரையோடு கிளம்புவதும் அப்போதுதான். இரண்டும் ஒரே கரட்டில், ஒரே புதரடியில் வளரக்கூடியவை. காய்ந்த கொடியின் தடம் பிடித்து மண்ணைத் தோண்டுகிற ஆளுக்கு மேலே பூவும் இல்லை, இலையும் இல்லை. எச்சரிக்கை மணி எல்லாம் முன்பே உதிர்ந்துவிட்டது.

மலையில் தலைமுறையாகக் கிழங்கெடுக்கிற பளியர், இருளர் போன்றவர்கள் இந்த விஷயத்தில் தவறுவதை நான் பார்த்ததில்லை. அவர்கள் பச்சையாக இருக்கும்போதே கொடியைப் பார்த்து வைத்து, காய்ந்த பிறகு அதே இடத்துக்குப் போகிறவர்கள். என்னிடம் வருவது வேறு ரகம்: புதிதாகத் தோட்டம் வாங்கிச் சீர்படுத்தும்போது கிழங்கைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்து சுட்டுத் தின்ற பிள்ளைகள், விதைக்கிழங்கு மூட்டையைச் சமையலறை ஓரம் வைத்திருந்த வீட்டில் விவரம் தெரியாமல் எடுத்து வேகவைத்த மாமியார் அல்லது மருமகள்.

அடையாளத்துக்கு வருவோம். செடி பச்சையாக இருக்கும்போது இதைவிடச் சுலபமாக அடையாளம் காணக்கூடிய கொடி தமிழ்நாட்டில் குறைவு. இலைக்குக் காம்பு கிடையாது, தண்டோடு ஒட்டி நீளமாக ஈட்டி மாதிரி இருக்கும், நரம்புகள் வலைபோலப் பின்னாமல் நுனியை நோக்கி இணையாக ஓடும். முக்கியமான விஷயம் அந்த நுனி: அதுவே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிவிடும். பாகற்கொடியிலோ பிரண்டையிலோ பற்றுக்கம்பி தனியாக முளைக்கும். இங்கே இலையே கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறது. தண்டு எதையும் சுற்றி முறுக்காது. காட்டு வள்ளி அப்படியில்லை, அதன் தண்டே கொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும், இலை அகலமான இதய வடிவத்திலோ, நூறை வள்ளியைப் போல விரல் விரலாகப் பிரிந்தோ இருக்கும். சர்க்கரைவள்ளி தரையில் படர்கிற கொடி, வெட்டினால் பால் வரும். ஆக, இலை நுனி சுருண்டு எதையாவது பிடித்திருந்தால் அந்தக் கொடியின் கிழங்கு அடுப்புக்குப் போகக் கூடாது. இதைக் குழந்தைகளுக்கும் காட்டிக் கொடுக்கலாம், ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

கிழங்கு மட்டும் கையில் இருந்தால்? பெரும்பாலும் அது 'எல்' அல்லது 'வி' எழுத்தைப் போல இரண்டு கைகளாக மடங்கி, கைகள் நுனியில் கூம்பி இருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பேர் அதனால்தான். மேல்தோல் மெல்லிய பழுப்பு, உள்ளே வெள்ளை. முளைக்கும் கண் கையின் நுனியில் மட்டும்தான். ஆனால் தோண்டும்போது ஒடிந்த ஒற்றைத் துண்டு வெறும் நீளக் கிழங்காகத்தான் தெரியும். அதை வைத்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. இலையைப் பார்க்காத கிழங்கைச் சாப்பிட வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் போகப்போக ஆரஞ்சாகி, கடைசியில் முழுச் சிவப்பாகிறது. ஆறு இதழும் நெளிநெளியாகப் பின்னோக்கி மடங்கிக்கொள்ள, ஆறு மகரந்தத் தாள்களும் சுற்றிலும் விரிந்து நிற்கும். சூலகத்தண்டு நேராக நீளாமல் அடியிலேயே கிட்டத்தட்ட செங்கோணத்தில் ஒரு பக்கமாக வளைந்து விலகிவிடும். அதனால் தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுவது சிரமம். வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ தேனீயோ வந்து வேறு பூவின் தூளை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். காட்டில் இது நல்ல ஏற்பாடு. ஏக்கர் கணக்கில் இதையே நட்டு வைத்தால் அவ்வளவு பூவுக்கும் பூச்சிக்கு எங்கே போவது? அதனால்தான் எங்கள் பக்கத்து வயல்களில் காலையில் ஆட்கள் பூப் பூவாகத் தொட்டுக் கையால் மகரந்தம் வைக்கிறார்கள். பூச்சிக்கொல்லி அடித்து வண்ணத்துப்பூச்சியை விரட்டிவிட்டு, அது சும்மா செய்கிற வேலைக்குக் கூலி கொடுக்கிறோம் என்று ஒரு விவசாயி என்னிடமே சலித்துக்கொண்டார்.

பூச்சிக்கொல்லி அடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. பாலிடெலா குளோரியோசே என்ற அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு இந்தச் செடி விருந்து. புள்ளி புள்ளியாகப் பளிச்சென்ற நிறத்தில் இருக்கும், கூட்டமாக வந்தால் கொடியை மொட்டையடித்துவிடும். மனிதனை ஐசியூவில் படுக்க வைக்கிற இலையைத் தின்று அது கொழுக்கிறது. 'புழு தின்றால் விஷமில்லை' என்று ஊரில் சொல்கிற கணக்கை இந்த ஒரு புழுவே பொய்யாக்கிவிடும்.

சரி, அந்த விஷம் என்ன? கால்சிசின். கிழங்கு, விதை, இலை, பூ, தண்டு எல்லாவற்றிலும் உண்டு, கிழங்கிலும் விதையிலும்தான் அதிகம். லின்னேயஸ் 1753-ல் குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்ட இந்தச் செடி முன்பு அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தது. இப்போது கால்சிக்கேசி குடும்பத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் கால்சிகம் செடியும் இதே குடும்பம்தான். அந்தச் செடியிலிருந்து 1820-ல் பிரான்சில் பெல்லெட்டியே, காவென்டூ இருவரும் பிரித்தெடுத்த பொருள்தான் கால்சிசின். கவுட் என்கிற வாத மூட்டுவலிக்கு இன்றும் நாங்கள் எழுதிக் கொடுக்கிற மாத்திரை. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் தயோகால்சிகோசைடுக்கும் மூலப்பொருள் இந்த விதைதான். எங்கள் மாவட்டங்களில் பயிராவதும், ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாவதும், விலை ஏறி இறங்கி விவசாயியைப் பாடாய்ப் படுத்துவதும் அதனால்தான்.

உடம்பின் ஒவ்வொரு செல்லும் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்ணிய இழைகள் உருவாகி குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும். கால்சிசின் அந்த இழைகளைக் கட்ட விடாது, பிரிவு பாதியிலேயே நின்றுவிடும். பயிர் ஆராய்ச்சியாளர்கள் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க இதையே பயன்படுத்துகிறார்கள். மனித உடம்பில் வேகமாகப் பிரிகிற செல்கள் எங்கே? குடலின் உள்பூச்சில், எலும்பு மஜ்ஜையில், முடியின் வேரில். நோய் வருகிற வரிசையும் ஏறக்குறைய இப்படித்தான். சாப்பிட்ட உடனே பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாய், தொண்டை எரிச்சல், விடாத வாந்தி, தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தம். பார்ப்பதற்கு அப்படியே ஃபுட் பாய்சன், அல்லது காலரா. பக்கத்து கிளினிக்கில் ஒரு டிரிப் ஏற்றியதும் கொஞ்சம் தேறியது போலத் தெரியும், வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகுதான், அடுத்த ஒன்றிலிருந்து மூன்று நாட்களில்: ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும், வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் கீழே போகும், தசைகள் பலமிழக்கும். இதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். உடல் முழுக்க முடி உதிர்ந்த ஒரு நோயாளியைப் பற்றி இலங்கை மருத்துவர் ஒருவர் 1966-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். முடி திரும்ப முளைத்துவிடும். அதைப் பார்த்துப் பயப்படுகிற நேரத்தில் பெரும்பாலும் ஆபத்துக் கட்டம் முடிந்திருக்கும்.

"நல்லா வேகவெச்சுத்தான் டாக்டர் சாப்பிட்டோம்." இதை நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. கருணைக்கிழங்கைப் புளி ஊற்றி வேகவைத்தால் நமைச்சல் அடங்குகிறது, சில காட்டுக் கிழங்குகளை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கசப்பெடுத்துத் தின்கிறார்கள். அந்த அனுபவமெல்லாம் உண்மை, அந்தந்தக் கிழங்குகளுக்கு. கால்சிசின் அடுப்புச் சூட்டில் அழியாது. சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் இதைச் சுத்தி செய்து மருந்தாக்கும் முறை உண்டே என்பார்கள். உண்டு, ஆனால் அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. மருந்துச் சட்ட விதிகளே இதை நச்சுப் பொருள் பட்டியலில் வைத்திருக்கின்றன. இப்போது இன்னொரு தொல்லை. கவுட் மாத்திரை இந்தக் கிழங்கிலும் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு, மாத்திரைக்குப் பதில் இயற்கையாக இருக்கட்டுமே என்று பொடி தேடுகிறார்கள். மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், அளந்து வைத்தது. அதையே சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் குறைத்துத்தான் கொடுக்கிறோம், சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளோடு சேர்க்கவே பயப்படுகிறோம். கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்பது செடிக்குச் செடி மாறும்.

சாப்பிட்டுவிட்டது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, ஐசியூ உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மிச்சமிருக்கும் கிழங்கையோ, தோண்டிய இடத்தில் இருக்கும் கொடி, காய் இவற்றின் படத்தையோ கையோடு கொண்டு போங்கள். டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே "கண்வலிக்கிழங்கு" என்று சொல்லுங்கள். "ஏதோ கிழங்கு" என்றால் எங்கள் புத்தி வேறு பக்கம் போகும். சீக்கிரம் வந்தால் கரி மருந்து கொடுத்துக் குடலில் மிச்சமிருப்பதைப் பிடிக்கப் பார்க்கலாம். டயாலிசிஸ் செய்து இந்த விஷத்தை எடுத்துவிட முடியாது, அது திசுக்களுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. மாற்று மருந்து கடையில் கிடைக்கிற நிலையில் இல்லை. 1990-களில் பிரான்சில் ஒரு நோயாளிக்கு எதிர்ப்புரதம் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், அதோடு சரி. மற்றபடி ஒவ்வொரு உறுப்பையும் தாங்கிப் பிடித்து, ரத்த அணுக்களைத் திரும்பத் திரும்ப எண்ணி, நாட்களைக் கடத்த வேண்டும். வாந்தி நின்றுவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். தெரிந்தே சாப்பிட்டு வருகிறவர்களும் உண்டு. அப்படி ஓர் எண்ணம் மனதில் ஓடுகிறவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து 104 அல்லது 14416-ல் பேசுங்கள், எந்த நேரமும் பேசலாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு வேலியில் இருக்கிற கொடியைப் பிடுங்கி எறியக் கிளம்பிவிடாதீர்கள். விதையிலிருந்து முளைத்த செடி பூக்கவே மூன்று நான்கு வருடம் ஆகும், அதனால்தான் வயலில் நடுவதற்குக் காட்டுக் கிழங்கைத் தோண்டியெடுத்துக் காட்டையே காலி செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் இது அடங்காத களை, அங்கே பிடுங்கட்டும். இங்கே இது நம் கரட்டுச் செடி, நம் தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உரியது.

வீட்டில் வளர்க்கிறவர்கள் தொட்டியில் வையுங்கள், காய்கறிப் பாத்தியிலோ சர்க்கரைவள்ளிக்குப் பக்கத்திலோ வேண்டாம். கொடி காய்ந்ததும் தொட்டியில் பெயர் எழுதி ஒரு குச்சி நட்டு வைத்தால், மாசி மாதம் தொட்டியைக் கொட்டுகிறவர் யாராக இருந்தாலும் பார்ப்பார். விவசாயிகள் விதைக்கிழங்கை வீட்டுக்குள்ளேயே வைக்காமல் இருந்தால் நல்லது, பூஞ்சாணக்கொல்லியில் நனைத்தது என்றால் கேட்கவே வேண்டாம். விதை காயப்போடும் களத்தில் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள், ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக இருப்பதால் வாயில் போடத் தோன்றும். ஆடு மாடுகளுக்கும் இது விஷம்தான், களையெடுத்த கொடியைத் தொழுவத்துப் பக்கம் போட வேண்டாம்.