தலைமைப் பண்புக்குத் தனி வகுப்பு வேண்டாம், வரலாற்று வகுப்பே போதும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில குடும்பங்கள் பாளையங்கோட்டையில் ஒரு குழுவாகச் சேர்ந்து பாடம் நடத்துகின்றன. அந்தக் குழுவில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான் வரலாறு கற்பிக்கிறேன். புதிதாகச் சேரும் பெற்றோர் அநேகமாக இரண்டு கோரிக்கைகளோடு வருகிறார்கள். “வரலாறு தேர்வுக்கு வேண்டிய அளவு போதும் சார்” என்பது ஒன்று. “தலைமைப் பண்பு வளர்வதற்குத் தனியாக ஒரு வகுப்பு வையுங்கள்” என்பது இன்னொன்று. இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்பதே அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது.

தலைமைப் பண்பு வகுப்பு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலும் மேடைப் பேச்சுப் பயிற்சிதான் இருக்கிறது. உரத்துப் பேசத் தெரிந்த பிள்ளை கைதட்டு வாங்கும். மற்றவர்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். கையில் இருக்கும் பணம் போதாது, முழுத் தகவலும் தெரியாது, உடன் இருக்கும் ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள், நாளைக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற நிலையில் என்ன செய்வது என்பதை அந்தப் பயிற்சி கற்றுத்தருவதில்லை. வரலாறு முழுக்க இருப்பது அந்த நிலைதான். அதற்கான சான்றுகள் நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன.

நான் முதலில் எடுப்பது மானூர்க் கல்வெட்டு. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் பஸ்ஸில் கடந்துபோகும் அதே மானூர்தான். அங்குள்ள கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் ஏறக்குறைய கி.பி. 800. குடவோலைக்குப் புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. ஊர்ச் சபையில் யார் உறுப்பினராகலாம் என்று அது விதி வகுக்கிறது. நிலத்தில் பங்கு இருக்க வேண்டும், குறிப்பிட்ட அளவு வேதக் கல்வி வேண்டும், நல்லொழுக்கம் வேண்டும். அதன் பிறகு வருவதுதான் வகுப்பைச் சூடாக்கும் விதி: எந்தக் காரியத்தை எடுத்தாலும் மறுப்புச் சொல்லிச் சபையை நடக்கவிடாமல் தடுப்பவருக்கும் அவருக்குத் துணைபோகிறவருக்கும் ஐந்து காசு தண்டம்.

விதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, “இதை நம் குழுவுக்கு வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்பேன். வேண்டாம் என்று சொன்னதற்காக ஒருவருக்குத் தண்டம் போடலாமா? நியாயமான மறுப்பையும் முட்டுக்கட்டையையும் எப்படிப் பிரிப்பது? பிரித்துச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒரு பையன் தண்டம் வேண்டும் என்பான், அவன் தங்கையே எழுந்து அவனை மறுப்பாள். இந்த விவாதத்துக்கு இரண்டு வகுப்புகளை முழுதாகவே விட்டுவிடுவேன், அவசரப்படுத்தக் கூடாது. வாதம் ஓயும் தறுவாயில் யாராவது ஒரு பிள்ளை அடுத்த கேள்வியைக் கேட்டுவிடும்: நிலம் இல்லாதவர்கள் அந்தச் சபையில் எங்கே உட்கார்ந்தார்கள்? உழுதவர்களையும் பெண்களையும் யார் கேட்டார்கள்? விதியைச் செம்மையாக வகுத்த ஒரு சபை ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியிருந்தது என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளப் பதினைந்து வயதில் முடியும். அந்த வயதுக்கு முடியாது என்று நினைப்பவர்கள் பெரியவர்கள்தான்.

பிறகு பிள்ளைகளே தங்கள் கூட்டத்துக்கு விதி எழுதுகிறார்கள். மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும். தலைமை மாதந்தோறும் மாற வேண்டும். இவை எங்கள் குழுவில் நிலைத்த விதிகள். ஆதிச்சநல்லூர்ப் பயணத்துக்கான பணத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். பஸ்ஸா வேனா, சாப்பாடு கட்டிக்கொண்டு போவதா வாங்கிக்கொள்வதா, பணம் தர இயலாத குடும்பத்துப் பிள்ளையின் பங்கை யார் ஏற்பது என்பதையெல்லாம் அவர்களே பேசி முடிக்கிறார்கள். பெற்றோர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தால்கூடப் பிள்ளையின் பார்வை அங்கேதான் போகும்.

அடுத்தது வ.உ.சி. நம் பிள்ளைகளுக்கு அவர் கப்பல் விட்டார், செக்கிழுத்தார் என்று தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே அவர் எடுத்த முடிவுகள் தெரியாது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் பதிவானபோது மூலதன இலக்கு பத்து லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். போட்டி வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைத் தாறுமாறாகக் குறைத்தது. நீங்கள் இயக்குநராக இருந்தால் கட்டணத்தைக் குறைப்பீர்களா, நாட்டுப்பற்றை நம்பி அதே கட்டணத்தில் நிற்பீர்களா? கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள், நிர்வாகம் இறங்கிவந்தது. கப்பல் நிறுவனம் நெருக்கடியில் இருக்கும்போது அதை நடத்துகிறவர் இன்னொரு போராட்டத்தில் இறங்கியது சரியா? வகுப்பு இதில் எப்போதும் இரண்டாகப் பிரியும்.

மார்ச் 12 அன்று அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் மூடப்பட்டன, அரசு அலுவலகங்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். தலைவர் சிறையில், கூட்டம் தெருவில். அன்று நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு? கீழ்நீதிமன்றம் அவருக்கு நாற்பது ஆண்டுத் தண்டனை விதித்தது, உயர்நீதிமன்றம் அதைக் குறைத்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் நிறுவனம் இல்லை. அவர் செய்யுளாக எழுதிய தன்வரலாறும் இருக்கிறது, அரசுத் தரப்புப் பதிவும் இருக்கிறது. ஒரே நாளை இரண்டிலும் படித்துவிட்டு, எது எங்கே மௌனமாக இருக்கிறது என்று குறிக்கச் சொல்கிறேன். அவரை வணங்கிவிட்டுக் கடந்துபோகிற பிள்ளைக்கு அவருடைய இழப்பின் அளவு தெரியாமலே போகிறது.

இனிச் சொல்வதை வீட்டுக்கல்விப் பெற்றோர் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும். நம் பகுதியில் வீரர்களுக்குச் சாதி பூசப்பட்டிருக்கிறது. பூலித்தேவர், கட்டபொம்மன், வ.உ.சி. என்று யாரை எடுத்தாலும் அவர் படத்துக்குக் கீழே ஒரு சங்கத்தின் பெயர் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே சாதி வன்மத்தால் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024இல் அளித்தது. பள்ளிக்கே அனுப்பாததால் தங்கள் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். நான் அஞ்சுவது இதற்கு நேர்மாறாக. தெரிந்தவர், உறவினர், ஒரே கோயிலுக்கோ சபைக்கோ போகிறவர் என்று குடும்பங்களைச் சேர்த்தால் குழு தானாகவே ஒரே சாதியாகிவிடும். பள்ளியிலாவது பக்கத்து பெஞ்சில் வேறொருவன் இருப்பான். இங்கே அதுவும் இல்லாமல், முன்னோர் பெருமையையே வரலாறாகக் கேட்டு வளரும் பிள்ளை எப்படிப்பட்ட தலைமையைக் கற்கும்? குழு தொடங்கும் முன்பே வேறு வேறு தெருக்களிலிருந்து குடும்பங்களைத் தேடிச் சேருங்கள். கட்டணம் தடையாக இருந்தால் கட்டணத்தைக் குறையுங்கள். நல்ல ஆசிரியர் கிடைப்பதைவிட இது முக்கியம் என்று ஆசிரியராக இருந்தே சொல்கிறேன்.

தேர்வைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். அதில் சமூக அறிவியலும், மேல்நிலையில் வரலாறும் பாடங்களாக உள்ளன. மேலே சொன்ன முறையில் படித்தவர்களுக்கு அந்தப் பாடநூல் சுமையாக இருப்பதில்லை.

பெரிய பிள்ளைகளுக்கு, பதினாறு வயதுக்கு மேல், 1999 ஜூலை 23ஐ எடுக்கிறேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலம் திருநெல்வேலியில் கலைக்கப்பட்டபோது தாமிரபரணியில் பதினேழு பேர் இறந்தார்கள். அதை நேரில் கண்டவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது ஆண்டு இறுதிப் பணி. பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே வாங்குகிறேன். பேட்டிக்கு இருவராகத்தான் போக வேண்டும். பேச மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். எழுதியதைப் பேசியவரிடம் வாசித்துக் காட்டி, அவர் நீக்கச் சொன்னதை நீக்கிய பிறகே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.