அடைப்பு ஓரிடம், கிழிசல் வேறிடம்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்ட கேள்வி இது. அவருடைய சித்தப்பாவுக்கு வயிறு உப்பிக்கொண்டே போனது, வாந்தி, இரண்டு நாளாக வாயு கூடப் பிரியவில்லை. நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்து, விடிவதற்குள் ஆபரேஷனும் செய்துவிட்டு, பெருங்குடலில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களாம். "நேற்றுவரை நன்றாக நடமாடிய மனுஷன், ஒரே ராத்திரியில் எப்படி வந்தது?" என்று கேட்டார்.

ஒரே ராத்திரியில் வரவில்லை. செல் இரண்டாகும், இரண்டு நாலாகும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான், அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். ஒரு செல் 30 முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி செல்கள் ஆகும். அது ஏறக்குறைய 1 செ.மீ. அகலமுள்ள, 1 கிராம் எடையுள்ள ஒரு சின்னக் கட்டி. அங்கிருந்து இன்னும் 10 முறை இரட்டித்தால் போதும், கணக்குப்படி 1 கிலோ. (நிஜத்தில் செல்கள் செத்துக்கொண்டும் இருப்பதால் இவ்வளவு ஒழுங்காக நடக்காது.) ஆக, கட்டியின் வாழ்நாளில் முக்கால்வாசி யார் கண்ணிலும் படாமலே கழிந்துவிடுகிறது. பெருங்குடலின் உள்சுவரில் முளைக்கும் ஒரு சிறு பாலிப் (சதை மொட்டு), புற்றாக மாறவே பெரும்பாலும் 10 ஆண்டு வாக்கில் எடுத்துக்கொள்கிறது. சித்தப்பா கதையில் திடீரென்று நடந்தது அந்தக் கடைசி இரண்டு நாள் மட்டும்தான்.

இப்படி அவசரப் பிரிவின் வாசல் வழியாகத் தெரியவரும் புற்றுநோய்கள் அபூர்வம் என்று நினைத்தால் தவறு. இங்கிலாந்தில் ஒவ்வொரு நோயாளியும் எந்த வழியாக வந்து நோயைத் தெரிந்துகொண்டார் என்று கணக்கெடுத்தார்கள். 2006-ல் சுமார் 24% பேர் அவசர வழியில் வந்திருந்தார்கள், 2013-ல் அது சுமார் 20% ஆகக் குறைந்தது. ஐந்தில் ஒருவர்! ஆஸ்திரேலியா, கனடா, டென்மார்க், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய 6 நாடுகளின் 2012-17 தரவுகளை வைத்து, உணவுக்குழாய், இரைப்பை, நுரையீரல், கணையம் போன்ற 8 வகைப் புற்றுகளை மட்டும் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2022-ல் வெளியானது. அவசரமாக மருத்துவமனையில் சேர்ந்து, அதிலிருந்து 30 நாளுக்குள் புற்றுநோய் என்று தெரிந்தால் அது அவசர வழிக் கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 24%, நியூசிலாந்தில் 42.5%. பக்கத்து பக்கத்து நாடுகள், வசதியான நாடுகள், அவற்றுக்குள்ளேயே இவ்வளவு இடைவெளி.

புற்றுக்குப் புற்று வித்தியாசம் இன்னும் அதிகம். கணையப் புற்று கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு அவசர வழியில்தான் தெரியவருகிறது, மலக்குடல் புற்று எட்டில் ஒருவருக்குத்தான். மார்பகத்திலும் தோலிலும் வருபவை அந்தப் பக்கமே அவ்வளவாக வருவதில்லை, கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியும். மலக்குடலில் கசியும் இரத்தம் சிவப்பாகவே வெளியே வருவதால் ஆளைப் பயமுறுத்தி முன்கூட்டியே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிறது, என்ன நடந்தாலும் வாய் திறக்காது.

ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது பெருங்குடல்தான், ஏனென்றால் அங்கே நடப்பது பச்சை இயற்பியல். பெருங்குடல் வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் ஒரு அகன்ற பையாகத் தொடங்குகிறது (குடல்வால் தொங்கிக்கொண்டிருக்குமே, அந்தப் பை). மேலே ஏறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது. தொடக்கப் பை சுமார் 7.5 செ.மீ. அகலம், இடப்பக்கக் கடைசிப் பகுதி சுமார் 2.5 செ.மீ.தான். வலப்பக்கம் உள்ளே இருப்பது கூழ் மாதிரி, தண்ணீரெல்லாம் உறிஞ்சப்பட்டு இடப்பக்கம் வந்து சேரும்போது கெட்டி. வலப்பக்கத்தில் ஒரு கட்டி வளர்ந்தால் அகலமான பாதை, இளகிய சரக்கு, எதுவும் நிற்காது. கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசியவிடும், ஆள் இரத்தசோகையில் மெல்ல வெளுப்பார், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். இடப்பக்கத்தில் அதே கட்டி மோதிரம் போலக் குடலைச் சுற்றி வளர்ந்து இறுக்கும். கெட்டியான மலம் குறுகிய வளையத்தில் ஒருநாள் சிக்கிக்கொள்ளும்.

அடைப்பு இருப்பது இடப்பக்கம், சரி. குடல் கிழிந்தால் எங்கே கிழியும்? அடைப்புக்குப் பக்கத்தில்தான் என்று யாரும் சொல்வோம், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அங்கேயும் கிழிவதுண்டு. ஆனால் அறுவை மருத்துவர்கள் பயத்தோடு பார்ப்பது எதிர்க்கோடியில், வலப்பக்கம் இருக்கும் அந்தத் தொடக்கப் பையை!

காரணம் லாப்லாஸ். கோள்களின் பாதையைக் கணக்குப் போட்டாரே, அதே பிரெஞ்சுக்காரர்தான். நீர்த்துளியின் வளைந்த பரப்பைப் பற்றி 200 ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய சமன்பாட்டின் உறவுக்காரச் சமன்பாடு ஒன்று குழாய்களுக்கும் பொருந்துகிறது: சுவரில் ஏற்படும் இழுவிசை = உள்ளே இருக்கும் அழுத்தம் × ஆரம். அடைபட்ட குடலுக்குள் காற்றும் நீரும் ஒன்றோடொன்று தொடர்பில் இருப்பதால் அழுத்தம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆரம்தான் ஒன்றில்லை. மூன்று மடங்கு அகலமான இடத்தில் சுவர் மூன்று மடங்கு இழுபடும். இழுபட்டால் விரியும், விரிந்தால் ஆரம் கூடும், ஆரம் கூடினால் இழுவிசை இன்னும் கூடும். பலூன் ஊதும்போது முதல் இரண்டு ஊதல்தான் கஷ்டம், அப்புறம் சரசரவென்று பெருக்குமே, ஏறக்குறைய அந்தக் கதை. விரியும் சுவர் மெலிந்து, அதற்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நசுங்கிவிடும்.

இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சிறுகுடல் பெருங்குடலில் சேரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது, உள்ளே விடும், திரும்ப விடாது. சிறுகுடல் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வாக்கில் திரவத்தைப் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது. முன்னால் கட்டி அடைத்துக்கொண்டிருக்க, பின்னால் வால்வு மூடிக்கொண்டால் இரண்டு பக்கமும் கட்டிய பைதான். அந்த வால்வு கொஞ்சம் ஒழுகல் வால்வாக இருந்தால், சரக்கு சிறுகுடலுக்குப் பின்வாங்கி, வாந்தி எடுத்து அவதிப்பட்டாலும் ஆளுக்குச் சற்று அவகாசம் கிடைக்கும். ஸ்கேனில் அந்தத் தொடக்கப் பை 12 செ.மீ. அகலம் தாண்டிவிட்டது என்றால் மருத்துவர்கள் விடியும்வரை காத்திருக்க மாட்டார்கள். சித்தப்பாவை ராத்திரியே மேசையில் ஏற்றியது எதற்கு என்று நண்பருக்கு இப்போது புரிந்திருக்கும்.

அந்த அவசர வழிக் கணக்கின் ஏற்ற இறக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இங்கிலாந்தில் அவசர வழியில் தெரியவரும் பங்கு சட்டென்று ஏறியது. பார்த்தவுடன் அவசரக் கேஸ்கள் பெருகிவிட்டன என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்கு போடுங்கள். வழக்கமாக 100 பேரில் 20 பேர் அவசர வழி. பரிசோதனை முகாம்கள் நின்று, மக்கள் மருத்துவரைப் பார்க்கப் பயந்து, மற்ற வழிகளில் 30 பேர் குறைந்துவிட்டார்கள் என்றால், அதே 20 பேர் இப்போது 70-ல் 20, அதாவது சுமார் 29%. அவசர வாசலில் ஒருவர்கூடக் கூடவில்லை. காணாமல் போன அந்த 30 பேரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

"கத்தி பட்டால் புற்று பரவிவிடும்" என்ற நம்பிக்கை என்னை எரிச்சலூட்டும், ஆனால் அது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. அவசர வழியில் தெரியவந்தவர்கள் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று அந்த 6 நாட்டு ஆய்விலேயே வந்தது. அவர்களில் பலருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருக்கும். அதில் சிலருக்கு அவசரமாக ஆபரேஷன் நடக்கும், சில மாதத்தில் இறப்பார்கள். வீட்டார் நினைவில் நிற்கும் வரிசை: நன்றாக இருந்தார், கத்தி வைத்தார்கள், போய்விட்டார். வரிசை சரிதான், காரணம்தான் தப்பு. இந்த நம்பிக்கையால் அடுத்தவர் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதே அவசரப் பிரிவுக்கு வந்து சேர்வதுதான் கொடுமை.

நண்பரிடம் ஒன்று கேட்டேன், கடந்த சில மாதத்தில் சித்தப்பாவுக்கு மலச்சிக்கல் ஏதாவது இருந்ததா என்று. யோசித்துவிட்டு, நாலு மாதமாகப் பேதி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்றார். நடுவில் ஒரு மருத்துவரையும் பார்த்திருக்கிறார், அவரும் வேறொரு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவசர வாசலில் வந்து நிற்பவர்களில் இப்படி முன்பே மருத்துவரைப் பார்த்தவர்களும் உண்டு, யாரையுமே பார்க்காதவர்களும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, எது அதிகம் என்று தெரிந்தால்தானே எங்கே பணத்தைப் போடுவது என்று முடிவு செய்ய முடியும். புது மருந்துக்குக் கோடிகளைக் கொட்டுகிறோம். ஆனால் பல நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேட்டில், நோயாளி எந்த வழியாக வந்தார் என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது.