கைத்தொலைபேசிச் செயலியில் சுருதிப் பயிற்சி: பெற்றோரும் மாணவரும் கவனிக்க வேண்டியவை

கடந்த ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு, என்னிடம் வாய்ப்பாட்டுப் பயிலும் 12 வயது மாணவி ஒருத்தி தாயாரின் கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். ஸ்வரங்களை இனங்காணப் பழக்கும் செயலி ஒன்றில் 100 கேள்விகளுக்கு 92 சரியான விடைகள் பெற்றிருந்தாள். தாயாருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. அன்று வழக்கம்போல அவளுடைய குரலுக்கு ஏற்ற சுருதியளவான 5 கட்டையில் தம்புராவை மீட்டி, மாயாமாளவகௌளை இராகத்தில் சரளி வரிசை என்னும் ஆரம்பப் பயிற்சியைப் பாடச் சொன்னேன். முதலாங் காலத்தில் ஏறும்போது, முன்பு சரியாக நின்ற காந்தாரம் (‘க’) ஒவ்வொரு தடவையும் சற்றே கூடி நின்றது. ‘காந்தாரம் கூடுது பிள்ளை, சுருதியைக் கேட்டுப் பாடும்’ என்றேன். ‘இல்லை ரீச்சர், போன் இதைத்தான் சரி எண்டு சொல்லுது’ என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். போனை வாங்கிப் பார்த்தேன். நான் கூடுதல் என்று சொன்ன இடத்தில் அது பச்சை காட்டியது. இவ்வாறான செயலிகளை இப்போது யாழ்ப்பாணத்தில் சங்கீதம் பயிலும் பல பிள்ளைகள் பயன்படுத்துவதால், அந்தப் பச்சை எதை அளக்கிறது என்பதைப் பெற்றோருக்கும் மாணவருக்கும் விளங்கப்படுத்துவது என் கடமை என்று நினைக்கிறேன்.

இச்செயலிகளிற் பெரும்பாலானவை மேற்கத்திய இசை பயில்வோருக்காக ஆக்கப்பட்டவை. பியானோவைப் போல ஒரு ஸ்தாயியை 12 சம பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் 100 சென்ற் என்று கொள்வதே அவற்றின் அளவுகோல். அதன்படி கீழ் ஷட்ஜத்திலிருந்து (‘ச’) மேல் ஷட்ஜம் வரை 1200 சென்ற். மாயாமாளவகௌளையில் வரும் அந்தர காந்தாரம் சரியாக 400 சென்றில் இருக்கும். ஆனால் தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் ஷட்ஜத்துக்கு 5/4 என்ற விகிதத்தில் அமைவது. அது ஏறத்தாழ 386 சென்ற். பஞ்சமத்தில் (‘ப’) இந்த வேறுபாடு 2 சென்ற் மட்டுமே என்பதால் காதுக்குத் தெரியாது. காந்தாரத்தில் 14 சென்ற். பழகிய காது இதை உடனே பிடித்துவிடும்.

5 கட்டையில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பெண்பிள்ளைகள் பாடும் மத்திம ஸ்தாயி ஷட்ஜம் அங்கே 196 ஹேர்ட்ஸ். தம்புராவோடு சேரும் காந்தாரம் 245 ஹேர்ட்ஸ், செயலி கேட்கும் காந்தாரம் ஏறத்தாழ 247 ஹேர்ட்ஸ். இந்த 2 ஹேர்ட்ஸ் என்ன செய்துவிடும் என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தி 98 ஹேர்ட்ஸில் அதிரும்போது, அதன் ஐந்து மடங்கான 490 ஹேர்ட்ஸும் மெல்லியதாக உடன் ஒலிக்கும். யாரும் மீட்டாமலே கேட்கும் அதனைத்தான் நம் பெரியவர்கள் சுயம்பு காந்தாரம் என்றார்கள். பிள்ளை 245இல் பாடினால், அக்குரலின் இரட்டிப்பான 490 அதனோடு ஒன்றாகிவிடும். 247இல் பாடினால் அந்த இரட்டிப்பு 494 ஆகி, 490ஓடு உரசி, செக்கனுக்கு நான்கு தடவை ஒலி ஏறி இறங்கும். உயர்தரப் பௌதிகவியலில் அடிப்பு என்று படிப்பது இதைத்தான். கண்ணை மூடித் தம்புராவுக்கு அருகில் இருந்து பாடும் பிள்ளைக்கு அந்த நடுக்கம் தெரியும், குரலைச் சற்று இறக்கியதும் அது அடங்குவதும் தெரியும். செவிப் பயிற்சி என்று நான் சொல்வது இந்த அடங்குதலை அடையாளங் காண்பதையே.

ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சில செயலிகளில் நாம் பாடும் ஸ்வரத்தை ஒரு முள் அல்லது கோடு காட்டும். மேல்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, அந்தக் கோட்டைப் பார்த்தபடியே தோடி இராகம் பாடிப் பழகியிருந்தாள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை; கீழே ரிஷபத்தையும் மேலே மத்திமத்தையும் தொட்டு அசைவதிலேதான் அந்த இராகத்தின் உயிர் இருக்கிறது. கோடு அலைவதையும் சிவப்பு எரிவதையும் கண்டு பயந்த அந்தப் பிள்ளை, அசைவைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு மாதத்தில் காந்தாரத்தைத் தட்டையாக்கிவிட்டாள். அதைத் திருத்த எனக்கு மூன்று மாதங்கள் சென்றன. கமகம் உள்ள இராகங்களை முள் காட்டும் செயலியின் முன் வைத்துப் பாட வேண்டாம் என்று என் மாணவர் எல்லோருக்கும் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆயினும் கைத்தொலைபேசியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2022 பங்குனி இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோது, மின்னில் இயங்கும் சுருதிப் பெட்டிகள் பேசாமல் கிடக்க, பல வீடுகளில் போனில் இருந்த தம்புராச் செயலிதான் சாதகத்தைக் காப்பாற்றியது. அதற்கு முன்னரும் நாங்கள் இருந்ததைக் கொண்டே காதைப் பழக்கியவர்கள். தொண்ணூறுகளில், குடாநாட்டில் மின்சாரமே இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசற் பாடும். அவருக்குக் கை களைத்தால் பாட்டும் சேர்ந்து இறங்கும். கூடவே பாடிக்கொண்டிருந்த எனக்குச் சுருதி விலகுவது உடனே தெரியும். ‘அண்ணா, சுத்துங்கோ’ என்று கத்துவேன். அப்போது விளங்காத ஒன்று பின்னர் மருதனார்மடத்தில், இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படிக்கும்போதுதான் விளங்கியது. சுருதி முழுவதும் இறங்கியபோதும் ஸ்வரங்களுக்கு இடையிலான உறவு மாறவில்லை, அதனால்தான் பாட்டு அதே பாட்டாக இருந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் பெயரை உடனே சொல்லும் ஆற்றல் தம் பிள்ளைக்கு வரவேண்டும் என்று சில பெற்றோர் செயலியில் பணம் கட்டுகிறார்கள். கர்நாடக சங்கீதத்துக்கு அது தேவையில்லை. நமக்கு ஷட்ஜம் நிலையான ஓர் ஒலி அன்று. பாடுபவரின் குரலுக்கு ஏற்ப 1 கட்டையிலும் அது இருக்கும், 5 கட்டையிலும் இருக்கும். வைத்த ஷட்ஜத்திலிருந்து மற்ற ஸ்வரம் எவ்வளவு தூரம் என்று அறிவதே நம் தேவை. ஆகவே செயலியைத் தெரிவு செய்யும்போது, முதலில் ஆதார சுருதியை ஒலித்துக் காட்டி அதன் பின்னர் ஒரு ஸ்வரத்தைக் கேட்கும் வகையைத் தெரிவு செய்யுங்கள். தொடர்பில்லாத இரண்டு ஒலிகளைப் போட்டு இடைவெளியை மட்டும் கேட்கும் வகை நம் பிள்ளைகளுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. பெயர்களிலும் கவனம் வேண்டும்: 12 ஸ்வரஸ்தானங்களுக்கு நம்மிடம் 16 பெயர்கள் இருப்பதால், செயலியில் ஒரே பொத்தானாக இருப்பது ஓர் இராகத்தில் சாதாரண காந்தாரம், இன்னோர் இராகத்தில் ஷட்ஸ்ருதி ரிஷபம்.

பயிற்சியைப் பொறுத்தவரை என் வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் செயலிக்கு இடமில்லை. அந்தப் பத்து நிமிடமும் தம்புரா தனியாக ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். செயலியின் ஷட்ஜத்தைப் பிள்ளையின் கட்டைக்கு மாற்றி வைத்திருக்க வேண்டும். கேள்வி ஒலித்தவுடன் பொத்தானை அழுத்தக் கூடாது. அந்த ஸ்வரத்தை முதலில் வாயால் பாடி, அங்கிருந்து படிப்படியாக ஷட்ஜத்துக்கு இறங்கி வந்து, என்ன ஸ்வரம் என்று தானே முடிவு செய்த பின்னரே அழுத்த வேண்டும். பாடாமல் அழுத்தும் பிள்ளை ஊகிக்கப் பழகிவிடும், புள்ளி மட்டும் ஏறும்.

போனின் சிறிய ஸ்பீக்கர் மந்தர ஷட்ஜத்தின் கனத்தைத் தராது. ஓரளவு பெரிய ஸ்பீக்கரில் கேட்பது நல்லது. புளூடூத் இணைப்பில் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் தாளப் பயிற்சிக்கு வயர் உள்ள இயர்போனையே பயன்படுத்துங்கள். அதிலும் ஒலியைக் கூட்டி வைக்க வேண்டாம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதே உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. ரியூசன் காணொளி, விளையாட்டு, பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

92 புள்ளி எடுத்த பிள்ளை இப்போதும் அதே செயலியைப் பயன்படுத்துகிறாள். திரையைக் கைலேஞ்சியால் மூடிவிட்டு, பாடி முடித்த பின்னரே திறந்து பார்க்கிறாள். சென்ற கிழமை அலங்காரம் பாடும்போது காந்தாரத்தில் தானாகவே நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்புராப் பக்கம் தலையைச் சாய்த்து, ஒரு மயிரிழை இறக்கி, அந்த நடுக்கம் அடங்கும் வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மத்திமத்துக்குப் போனாள்.